பதினெட்டு இஞ்ச் பெட்டியும் தம்பியின் விரலும்

சவுண்டு அக்காவுக்கு இரண்டு வேலை. வார நாட்களில் மிக்ஸி, சனி ஞாயிறில் மிக்ஸர். அடுக்குமாடிக் கட்டடம் ஒன்றின் படிக்கட்டுக்குக் கீழே, ஓர் ஆள் குனிந்து நுழைகிற அளவுக்கு அவளுடைய ரிப்பேர் கடை. அதற்குள் ஊரார் வீட்டு மிக்ஸியும் அயர்ன் பாக்ஸும் மின்விசிறியும் வயிறு திறந்து கிடக்கும். வார இறுதியில் அவளுடைய வீட்டுக்காரர் நடத்தும் பாட்டுக் குழுவுக்கு ஒலி பார்ப்பதும் அவள்தான். படிப்பு ஐந்தாவதோடு சரி. ஆனாலும் ஒரு சாமானைக் காதோரம் வைத்து ஆட்டிப் பார்த்தே எந்தத் திருகு கழன்றிருக்கிறது என்று சொல்லிவிடுவாள். காலையில் ஷட்டரைத் தூக்குமுன் ஒரு வரி வேண்டிக்கொள்வாள். "கடவுளே, இன்னிக்கு நான் தொடற எதையும் என் கை கெடுத்துடாமப் பார்த்துக்கோ." இருபது வருஷமாக அதே வரிதான்.

குழு ஒன்றும் பெரிய குழு இல்லை. பிறர் பாடிப் பேர் வாங்கிய பாட்டுகளைக் கல்யாண மண்டபங்களிலும் ஆபீஸ் விழாக்களிலும் அப்படியே பாடுகிற குழு. வீட்டுக்காரர் குடிநீர் ஆபீஸில் கிளார்க், இங்கே கீபோர்டு. பேக்கரியில் மாவு பிசைகிறவர் டிரம்ஸ். டைப்ரைட்டிங் டீச்சர் பாடுவாள். பேஸ் கிட்டார் வாசிப்பது அக்காவின் உடன்பிறந்த தம்பி. அவனுக்கு லிப்ட் கம்பெனியில் மெக்கானிக் வேலை. பழுதான லிப்டின் தலைமேல் ஏறி நின்று சரி பார்க்கிறவன். அக்காவுக்கும் அவனுக்கும் பத்து வயது வித்தியாசம். அம்மா வேலைக்குப் போன பகல்களில் அவனை இடுப்பில் சுமந்து வளர்த்தது இவள்தான்.

அந்த வருஷம் குழுவுக்கு ஒரு சப்வூஃபர் வாங்குவது என்று முடிவாயிற்று. அடித்தொண்டைச் சத்தத்தை மட்டும் தனியாக எடுத்துத் தள்ளுகிற பெரிய பாக்ஸ் அது. ஓர் ஆபீஸ் விழா முடிந்ததும் ஒருவர் மேடைக்கு வந்து, "பாட்டெல்லாம் நல்லாத்தான் இருந்துச்சு, ஆனா பக்கத்து வீட்டு ரேடியோல கேட்ட மாதிரி இருந்துச்சு. நெஞ்சுல இடிக்கவே இல்லையே" என்று சொல்லிவிட்டுப் போனார். அன்றைக்கு வீட்டுக்காரருக்குத் தூக்கம் போயிற்று.

எல்லாரும் சேர்ந்துதான் கடைக்குப் போனார்கள். கடைக்காரர் இரண்டு பாக்ஸைக் காட்டினார். ஒன்று பதினைந்து இஞ்ச். ஆம்ப்ளிஃபயர் அதற்குள்ளேயே இருந்தது. இன்னொன்று பதினெட்டு இஞ்ச், வெறும் பாக்ஸ். அதற்கு ஆம்ப் தனியாக வேண்டும், வயர் தனியாக வேண்டும்.

தம்பி சின்னதன் முன்னால் குந்தி உட்கார்ந்து பின்பக்கத்தைத் தடவிப் பார்த்தான். "இதையே எடுத்துடலாம் அக்கா. பிளக்கைச் செருகினா வேலை முடிஞ்சுது. பெருசுன்னா அதுக்கு ஒரு ஆம்ப், ஒரு வயர். சாமான் ஒண்ணு கூடினா கோளாறும் ஒண்ணு கூடும். லிப்டுல நாங்க பார்க்காததா?"

"உள்ளேயே ஆம்ப் இருக்கிறது நடுக் கச்சேரியில நின்னுபோச்சுன்னா என்னடா பண்ணுவே? மேடையில வச்சு நான் பிரிச்சுட்டு உட்கார முடியுமா? தனியா இருந்தா ஒண்ணைக் கழட்டி ஒண்ணை மாட்டிடலாம். நம்ம பழைய ஆம்ப் வேற சும்மாதான் கிடக்கு."

"அது நிக்கிறப்ப பார்த்துக்கலாமே அக்கா."

"நின்னதுக்கப்புறம் பார்க்கிறதுக்கா நான் இருக்கேன்?"

டிரம்ஸ்காரர் சிரித்தார். "விடுப்பா. உங்க அக்கா ஒரு முடிவுக்கு வந்தா நம்ம குழுவே சேர்ந்து தள்ளினாலும் நகராது."

கடைக்காரர் பெரிய பாக்ஸில் ஒரு பாட்டைப் போட்டுக் காட்டினார். அலமாரிக் கண்ணாடி அதிர்ந்தது. டீச்சர் நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள். வீட்டுக்காரர் முகம் குழந்தை முகம்போல் ஆயிற்று. பெரியதையே எடுப்பது என்றார்கள். ரெடிமேட் வயரைக் கடைக்காரர் எடுத்து நீட்டியபோது அக்கா கையை அசைத்து மறுத்துவிட்டாள். "வயர் நான் போட்டுக்கிறேன்."

அவள் சொன்ன காரணங்களில் ஒன்றும் பொய் இல்லை. சொல்லாத காரணம் ஒன்று இருந்தது. பிளக்கைச் செருகினால் வேலை முடிகிற பாக்ஸுக்கு இவள் எதற்கு? மேடையில் பாடுகிறவர்களுக்குக் கை தட்டுகிறார்கள். ஓரத்தில் மேசை போட்டு உட்கார்ந்திருப்பவளை யார் பார்க்கிறார்கள்? தன் கை பட்டால்தான் குழு பேசும் என்கிற ஒரு சின்னச் சந்தோஷம் அவளுக்கு. அதை அப்போது அவள் தனக்கே சொல்லிக்கொள்ளவில்லை.

மறுநாள் கடையிலேயே உட்கார்ந்து வயரைப் போட்டாள். கடையில் கைவசம் இருந்தது பழுப்பு நிற இரட்டைக் கம்பி. இரண்டுக்கும் ஒரே நிறம். ஒன்றின் ஓரத்தில் மட்டும் நகத்துக்குத் தட்டுப்படுகிற மெல்லிய வரி ஓடும். அது பிளஸ், வரி இல்லாதது மைனஸ். பார்த்துக் கண்டுபிடிப்பதைவிடக் கட்டைவிரலால் தடவிக் கண்டுபிடிப்பதுதான் அவள் பழக்கம். அன்று கட்டைவிரலில் ஈயம் சுட்டு பிளாஸ்திரி ஒட்டியிருந்தது. மூக்குக் கண்ணாடி வீட்டில். அதனால் என்ன என்று ஆள்காட்டி விரலால் தடவிப் பார்த்துப் பற்றவைத்தாள். அழகாக வந்திருந்தது. இழுத்துப் பார்த்தாள், அசையவில்லை.

முதல் கச்சேரியில் டிரம்ஸ்காரர் கிக் டிரம்மைக் காலால் மிதித்த ஒவ்வொரு மிதியும் மண்டபத்தின் கடைசி வரிசை வரை இடித்தது. எல்லாருக்கும் பெருமை. ஆனால் பேஸ் கிட்டார் மட்டும் அங்கங்கே காணாமல் போயிற்று. ஒரு சுரம் வரும், அடுத்த சுரம் வராது, அதற்கடுத்தது பாதி வரும். தண்ணீர் வராத குழாய் விக்குவதுபோல் இருந்தது. அக்கா மிக்ஸரில் பேஸை ஏற்றினாள், இறக்கினாள். ஏற்றினால் வருகிற சுரங்கள் கத்தின. வராதவை வரவே இல்லை. இரண்டாவது கச்சேரியிலும் அப்படித்தான், மூன்றாவதிலும் அப்படித்தான்.

ஒரு ஞாயிறு மத்தியானம் அக்காவின் வீட்டு முன்னறையில் பேச்சு வந்தது. யாரோ கூட்டத்திலிருந்து போனில் பிடித்ததை வீட்டுக்காரர் போட்டுக் காட்டினார்.

"மேடையில எனக்கு நல்லாக் கேக்குதே மாமா" என்றான் தம்பி.

"உனக்குக் கேக்காம என்ன மாப்ளே? உன் சின்ன ஆம்ப் உன் முதுகுக்குப் பின்னாலேயே நிக்குது. கூட்டத்துல இருக்கிறவன் பாவம் என்ன பண்ணுவான்?"

"பாக்ஸுல எதாவது..."

"அதே பாக்ஸுலதானே என் கிக் இடி மாதிரி விழுது?" என்றார் டிரம்ஸ்காரர். "பாக்ஸுல கோளாறுன்னா அதுவும்ல கேக்கக் கூடாது?"

எல்லாரும் அக்காவைப் பார்த்தார்கள். காதில் வைத்தே குறை சொல்கிறவள் அல்லவா? தம்பியும் பார்த்தான். அவன் பார்வையில் ஒரு நிம்மதிகூட இருந்தது. அக்கா சொன்னால் சரியாக இருக்கும் என்கிற நிம்மதி.

அக்காவுக்கு ஒரு வீம்பு வந்தது. சொந்தத் தம்பி என்று சாய்ந்து பேசினாள் என்ற பேர் வந்துவிடக் கூடாது. "இதுல சொந்தபந்தம் பார்க்கிறதுக்கு ஒண்ணுமில்லை. அவன் இடது கை மோதிர விரல்ல அழுத்தம் போதலை. கிட்டார் நரம்பை முழுசா அழுத்தாம விட்டுடறான். எனக்கு ரெண்டு மாசமாவே தெரியுது. கொஞ்ச நாள் ஓய்வா இருக்கட்டும். வேற ஆள் பார்க்கலாம்."

இரண்டு மாசமாகத் தெரியுது என்பது பொய். சொன்ன பேச்சுக்குக் கனம் சேர்ப்பதற்காக வாயில் வந்தது.

தம்பி தன் இடது கையைத் திருப்பிப் பார்த்தான். மூடினான், திறந்தான். "ரெண்டு மாசமாவா? சொல்லியிருக்கலாமே அக்கா" என்றான். அப்புறம் கிட்டாரை உறையில் போட்டுக்கொண்டு செருப்பை மாட்டினான். அவன் கோபப்பட்டிருந்தால் அவளுக்கு நன்றாக இருந்திருக்கும்.

புதிதாக வந்தவனை எல்லாரும் நெட்டை என்று கூப்பிட்டார்கள். கூரியர் பார்சல் கொண்டு போகிறவன். மனதில் பட்டதை மறைக்கத் தெரியாது. வாடகை மண்டபத்தில் முதல் ஒத்திகை முடிந்ததும் நேராக மிக்ஸர் மேசைக்கு வந்தான்.

"அக்கா, உங்க பாக்ஸ் சுரத்தைத் தின்னுது."

"என்னப்பா சொல்றே?"

"வாசிச்சது எனக்குத் தெரியும்ல? கீபோர்டு அண்ணன் கீழே நின்னு போன்ல பிடிச்சார். கேட்டேன். மூணு சுரம் போன இடம் தெரியலை. பக்கத்துச் சுரமெல்லாம் ஜம்முனு இருக்கு."

"புது இடம், புதுக் கை. பழகினா வந்துடும்" என்றார் வீட்டுக்காரர்.

நெட்டை விடவில்லை. "கை புதுசுதான் அண்ணே, சுரம் பழசுதானே?"

எல்லாரும் சிரித்தார்கள். அக்காவுக்குச் சிரிப்பு வரவில்லை. போனை வாங்கிக் கேட்டாள். அதே மூன்று சுரங்கள். தம்பி வாசித்தபோது காணாமல் போன அதே மூன்று.

மறுநாள் வீட்டுக்காரர் ஆபீஸ் போகும்வரை காத்திருந்தாள். முன்னறையில் போர்வை போர்த்தி வைத்திருந்த பாக்ஸின் முன்வலையைக் கழற்றினாள். தான் போட்ட வயரை மாட்டி, மறுமுனையில் டார்ச் பேட்டரியைத் தொட்டுப் பார்த்தாள். ஸ்பீக்கர் பார்க்கிறவர்கள் எல்லாருக்கும் தெரிந்த சோதனைதான். பிளஸ்ஸை பிளஸ்ஸில் தொட்டால் நடுவில் இருக்கிற காகிதம் வெளிப்பக்கமாகத் துள்ள வேண்டும்.

உள்ளே போயிற்று.

பேட்டரியை எடுத்துப் பார்த்தாள், பிளஸ் எது என்று. மறுபடி தொட்டாள். மறுபடியும் உள்ளே. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வயரின் இரண்டு முனையையும் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். ஒரு முனையில் வரி இருந்த கம்பி பிளஸ்ஸில் இருந்தது. இன்னொரு முனையில் மைனஸில் இருந்தது. தானே பற்றவைத்த ஈயம், பளபளவென்று.

இதில் சூட்சுமம் ஒன்றுமில்லை. குழுவிடம் முன்பிருந்தே இருக்கிற, மேலே வைக்கிற சின்ன பாக்ஸ்கள் காற்றை முன்னால் தள்ளும்போது இந்தப் பெரிய பாக்ஸ் பின்னால் இழுத்திருக்கிறது. இரண்டிலும் சேர்ந்து வருகிற சுரங்கள் ஒன்றையொன்று அழித்துவிட்டன. கிக் டிரம்மின் இடி பெரிய பாக்ஸில் மட்டும் வருவது, அதனால் அது தப்பியது. பேஸ் கிட்டாரின் பாதி வீடு இங்கே, பாதி வீடு அங்கே. அதுதான் மாட்டிக்கொண்டது. தம்பியின் விரலில் ஒரு குறையும் இருந்ததில்லை.

சரி செய்ய ஐந்து நிமிஷம் ஆயிற்று. கம்பியை மாற்றிப் பற்றவைத்து வலையை மூடிப் போர்வையைப் போர்த்தினாள். போனை எடுத்துத் தம்பியின் நம்பர் வரைக்கும் போனாள். என்ன சொல்வது? எல்லார் முன்னாலும் உன் விரலைச் சொன்னேனே, அது என் விரல் என்றா? சாயங்காலம் சொல்லலாம் என்று வைத்துவிட்டாள். சாயங்காலம் ஒரு மின்விசிறி வந்தது.

அந்த வாரக் கச்சேரியில் பேஸ் கிட்டார் தரை அதிர்கிற மாதிரி வந்தது. மண்டபத்துக்காரரே வந்து கைகொடுத்தார். வேனில் திரும்பும்போது வீட்டுக்காரர், "பார்த்தியா? ஆளை மாத்தினதும் பாட்டே மாறிப்போச்சு. நீ அன்னிக்குச் சரியாச் சொன்னே" என்றார்.

நெட்டை மட்டும் திரும்பிப் பார்த்தான். "போன வாரம் இல்லாதது இந்த வாரம் எப்படி வந்துச்சு? என்ன பண்ணுனீங்க அக்கா?"

"ஜாக்கு லூசா இருந்துச்சு."

பொய் இரண்டாயிற்று. மறுநாள் காலையில் ஷட்டர் முன்னால் நின்றவளுக்கு வழக்கமான வேண்டுதல் பாதியில் நின்றது. 'என் கை' என்று வரும் இடத்தில் நின்றது. அன்றிலிருந்து ஒன்றும் வேண்டாமலே கடையைத் திறந்தாள். கடவுளிடம் பேச்சை நிறுத்திக்கொண்ட மாதிரி இருந்தது. அவர் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார், இவள்தான் முகம் கொடுக்கவில்லை.

இப்படி மூன்று வாரம் போயிற்று. ஒரு நாள் தம்பியின் மனைவி அயர்ன் பாக்ஸைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு வந்தாள்.

"வாம்மா. என்ன, சூடு வரலையா?"

"வருது அண்ணி, நிக்க மாட்டேங்குது. துணி ஓட்டையாகுது." அவள் ஸ்டூலில் உட்கார்ந்தாள். வழக்கமாகக் கலகலவென்று பேசுகிறவள், அன்று பையின் காதைத் திருகிக்கொண்டிருந்தாள். "அவர் உங்ககிட்ட ஒண்ணும் சொல்லலையா?"

"எதை?"

"அவரை லிப்டு வேலையிலேர்ந்து எடுத்துட்டாங்க அண்ணி. எடுத்துட்டாங்கன்னு சொல்லக் கூடாது, இவரே போய்ச் சொல்லி எடுக்க வச்சுக்கிட்டார். 'என் இடது கையில பிடிப்பு சரியில்லை சார், மேலே ஏறி வேலை பார்க்கிறப்ப கை விட்டுப்போச்சுன்னா கீழே இருக்கிறவன் உயிர் போயிடும்'னு. இப்ப போன் எடுக்கிற மேசையில உட்கார வச்சிருக்காங்க. ரெண்டு வாரமாச்சு."

அக்கா கையிலிருந்த திருகு உருண்டு எங்கேயோ போயிற்று.

"டாக்டர்கிட்டயும் போனார். என்ன சொன்னார்னு கேட்டா வாயைத் திறக்கலை. தினம் காலையில வெந்நீர்ல கையை விட்டுட்டு உட்கார்ந்திருக்கார். தண்ணி டம்ளரைக்கூட வலது கையாலதான் வாங்கறார். எனக்குப் பயமா இருக்கு அண்ணி. அப்படி என்ன வியாதி அது?"

அக்கா குனிந்து திருகைத் தேடினாள். தேடவில்லை, முகத்தை மறைத்துக்கொண்டாள். இரண்டு வாரம். இவளுக்குத் தெரிந்து மூன்று வாரம். அன்றைக்கே போனை எடுத்தவள் பேசியிருந்தால் அவன் சூப்பர்வைசரிடம் போயிருக்கவே மாட்டான்.

அன்று சாயங்காலம் வீட்டுக்காரரிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் சட்டையை மாட்டியபடியே கேட்டுக்கொண்டிருந்தார்.

"சரி, நடந்தது நடந்துபோச்சு. மாப்ளையைக் கூப்பிட்டுக்கலாம். நெட்டைக்கு நேரம் ஒத்துவரலைன்னு சொல்லிடலாம். வயர் கதையெல்லாம் எதுக்கு எடுக்கிறே? உன்னைத்தான் எல்லாரும் பேசுவாங்க."

"என்னங்க, அவனைக் குழுவுக்குக் கூப்பிடறது ஒரு விஷயமே இல்லை. கை நல்ல கைன்னு அவனுக்கு யாரு சொல்றது?"

"பாட்டுக்குக் கூப்பிட்டா தானாத் தெரிஞ்சுக்கிறான்."

"பரிதாபப்பட்டுக் கூப்பிட்டாங்கன்னு நினைச்சுப்பான். எனக்குத் தெரியும் அவனை."

அவர் சட்டைப் பட்டனைப் போட்டு முடித்தார். "அவனைத் தெரியும்னுதான் அன்னிக்கும் சொன்னே" என்றார். குத்திக் காட்ட அல்ல, தன்னையறியாமல் வந்துவிட்டது. சொன்ன பிறகு அவரே தலையைக் குனிந்துகொண்டார்.

ஞாயிறு காலை ஒத்திகை மண்டபத்துக்குக் கிட்டாரோடு வரச் சொல்லி, தம்பிக்கு அவன் மனைவி மூலம் சொல்லி அனுப்பினாள். 'பாட்டுக்கு இல்லை, ஒரு வயரைப் பார்க்கணும்' என்று. பாட்டுக்கு என்றால் வந்திருக்க மாட்டான். வயர் என்றதும் வந்தான்.

எல்லாரும் இருந்தார்கள். அக்கா மேடையில் ஏறவில்லை. கீழே நாற்காலிகளுக்கு நடுவில் நின்று சொன்னாள். பிளாஸ்திரி, பழுப்புக் கம்பி, பேட்டரி, ஜாக்கு லூசு என்ற பொய், இரண்டு மாசமாகத் தெரியும் என்ற பொய், ஒன்றையும் விடவில்லை. சொல்லும்போது தம்பியைப் பார்க்க முடியாமல் டீச்சரின் செருப்பைப் பார்த்துச் சொன்னாள். டிரம்ஸ்காரர், "அப்ப என் கிக்கு மட்டும் எப்படி..." என்று ஆரம்பித்தார். டீச்சர் அவர் கையைப் பிடித்து அழுத்தினாள்.

"நீ நம்ப வேண்டாம். நீயே கேளு" என்று அக்கா தம்பியிடம் சொன்னாள். மேடையில் இருந்த சின்ன ஆம்பை அணைத்துவிட்டு, கிட்டாருக்கு இருப்பதிலேயே நீளமான வயரை மாட்டினாள். கூட்டம் உட்காரும் இடத்துக்கு, மண்டபத்தின் நடுவுக்கு, அவனை வரச் சொன்னாள். பதினொரு வருஷமாக வாசிக்கிறான். தன் வாசிப்பை அங்கே நின்று அவன் கேட்டதே இல்லை.

பெரிய பாக்ஸின் கம்பியை வேண்டுமென்றே தலைகீழாக மாட்டினாள். "வாசி."

அவன் கீழிருந்து ஒவ்வொரு சுரமாக ஏறினான். நடுவில் மூன்று படி இல்லை. விரல் அழுத்தியிருந்தது, நரம்பு அதிர்ந்தது, சத்தம் இல்லை. அக்கா ஓடிப்போய்க் கம்பியைச் சரியாக மாட்டினாள். "இப்ப வாசி."

மூன்று படியும் இருந்தன. வயிற்றில் வந்து உட்கார்ந்தன.

"மாத்து" என்றான் தம்பி.

மாற்றினாள். போயிற்று.

"மாத்து."

வந்தது. அப்படி ஆறு தடவை. ஒவ்வொரு தடவையும் அவன் பாக்ஸைப் பார்க்கவில்லை, தன் மோதிர விரலையே பார்த்துக்கொண்டிருந்தான். நெட்டை சுவரோரம் நின்று மெல்ல, "நான்தான் அன்னிக்கே சொன்னேனே" என்று முனகினான். யாரும் திரும்பவில்லை.

தம்பி ஜாக்கைப் பிடுங்கினான். "எப்போ தெரிஞ்சுது உனக்கு?"

"மூணு வாரம் முடிஞ்சு நாலாவது நடக்குது."

அவன் தலையை ஆட்டிக்கொண்டான், ஏதோ கணக்கு சரியாக வந்ததுபோல. கிட்டாரை உறையில் போட்டான். மாமா தோளில் கை வைக்க வந்தபோது, நாசூக்காக ஒதுங்கிக்கொண்டான். வாசலில் நின்று சொன்னான்: "நாளைக்குக் காலையில ஒன்பது மணிக்கு எங்க ஆபீஸுக்கு வா. எங்க சூப்பர்வைசர்கிட்ட நீயே சொல்லு. நானே போய் 'கை சரியாப் போச்சு சார்'னு சொன்னா யார் நம்புவா?"

லிப்ட் கம்பெனி ஆபீஸ் இரண்டாவது மாடியில் இருந்தது. சுவர் முழுக்கக் கட்டடங்களின் பட்டியல், நீளமான ஒரு மேசையில் மூன்று போன். அதில் ஒன்றின் முன்னால் தம்பி உட்கார்ந்திருந்தான். சட்டையில் கறை இல்லை. வேலை நாளில் கறையில்லாத சட்டையோடு அவனைப் பார்ப்பது அக்காவுக்கு அதுதான் முதல் தடவை. அது அவளுக்குத் தாங்கவில்லை.

சூப்பர்வைசர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக் கேட்டார். அக்கா நின்றபடியே எல்லாவற்றையும் மறுபடி சொன்னாள். அவர் நடுவில் ஒரு தடவை கையைக் காட்டி நிறுத்தினார்.

"ஏம்மா, பாட்டுப் பெட்டி வயருக்கும் என் லிப்டுக்கும் என்ன சம்பந்தம்?"

"வயர் தப்பு சார். நான் இவன் கை தப்புன்னு சொல்லிட்டேன். இவன் அதை நம்பிட்டான்."

"நீங்க டாக்டரா?"

"இல்லை சார். மிக்ஸி ரிப்பேர்."

மேசையில் இருந்த இன்னொருவன் சிரிப்பை அடக்க இருமினான். சூப்பர்வைசர் சிரிக்கவில்லை. தம்பியிடம் திரும்பினார். "இந்தா பாருப்பா, நீ வந்து கை சரியில்லைன்னே, இறக்கினேன். இப்ப உங்க அக்கா வந்து சரியா இருக்குன்னா ஏத்திட முடியுமா? டாக்டர் கையெழுத்து வேணும்."

தம்பி மேசை இழுப்பறையைத் திறந்தான். நாலாக மடித்த ஒரு காகிதத்தை எடுத்து நீட்டினான். சூப்பர்வைசர் கண்ணாடியை இறக்கிக்கொண்டு படித்தார். ஒரு தடவை படித்துவிட்டு, மேலே இருந்த தேதியை மறுபடி பார்த்தார்.

"கையில ஒரு குறையும் இல்லைன்னுதானே எழுதியிருக்கு? இது நீ என்கிட்ட வர்றதுக்கு முன்னாடித் தேதியா இருக்கே?"

"ஆமா சார்."

"இதைக் கையில வச்சுக்கிட்டா வந்து கை சரியில்லைன்னே? ஏன்யா?"

தம்பி அக்காவைப் பார்க்கவில்லை. போனின் சுருள் வயரைச் சரி செய்துகொண்டே சொன்னான்.

"டாக்டர் பத்து நிமிஷம்தான் சார் பார்த்தார். அக்கா நான் பொறந்ததுலேர்ந்து பார்க்குது."

சூப்பர்வைசர் காகிதத்தை மடித்தார். அக்காவை ஒருமுறை ஏறிட்டுப் பார்த்தார். திட்டுவார் என்று நினைத்தாள், திட்டியிருந்தால் நன்றாயிருக்கும் என்றும் நினைத்தாள். அவர் காகிதத்தைக் கோப்பில் வைத்து, "நாளையிலேர்ந்து ஒரு மாசம் ஜோடி ஆளோட போ. அப்புறம் பார்க்கலாம்" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

அக்கா மேசை ஓரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மன்னிச்சுடு என்கிற வார்த்தை அந்த இடத்துக்கு ரொம்பச் சின்னதாகத் தெரிந்தது.

"இனிமே என்னை அவ்வளவு நம்பாதேடா தம்பி" என்றாள்.

"அதெல்லாம் சொல்லியா அக்கா வருது, சொல்லியா போகுது?"

அவன் குரலில் கோபம் இல்லை, சமாதானமும் இல்லை. போன் அடித்தது. அவன் எடுத்தான். "சொல்லுங்க சார், எத்தனாவது மாடியில நிக்குது? பயப்படாதீங்க, உள்ளே எத்தனை பேர் இருக்கீங்க?" என்று கேட்டுக்கொண்டே, பேனாவை எடுத்துக் குறித்துக்கொள்ள ஆரம்பித்தான்.